கட்டைவிரலுக்கு வந்த கண்ட்ரோல்

துணைக்காலும் கொம்பும் தனியே நின்றால் ஒலி தராது. ஓர் எழுத்தின் பக்கத்தில் போய் நின்றால்தான் அவற்றுக்கு வேலை. கீபோர்டிலும் அப்படிச் சில விசைகள் இருக்கின்றன. ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், ஆப்ஷன், கமாண்ட், விண்டோஸ் கொடி போட்ட விசை. எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் இவை திரையில் ஓர் எழுத்தைக்கூடப் போடாது. இன்னொரு விசை சேர்ந்தால் காரியம் நடக்கும். இந்தத் துணை விசைகளைத் தன் கைக்கு ஏற்றபடி இடம் மாற்றி வைத்துக்கொள்வது, மேக், விண்டோஸ், லினக்ஸ் என்று மாறி மாறி உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் சிலருக்குப் பெரிய பித்து. மற்றவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியும். அற்ப விஷயம்தான். ஆனால் அருகில் போய்ப் பார்த்தால் அதற்குள் அறுபது வருட நுணுக்கங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

மேக் கீபோர்டின் இடது கீழ் மூலையிலிருந்து ஸ்பேஸ் பாரை நோக்கி வந்தால் கண்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட் என்று வரிசை. லேப்டாப் என்றால் மூலையில் எஃப்என் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கும். பிசி கீபோர்டில் அதே வரிசை கண்ட்ரோல், விண்டோஸ், ஆல்ட். மேக்கில் காப்பி எடுக்க கமாண்டும் சி-யும்: கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் லேசாக மடங்கினால் போதும், மற்ற விரல்கள் தங்கள் இடத்தை விட்டு நகர வேண்டாம். விண்டோஸில் கண்ட்ரோலும் சி-யும்: சுண்டுவிரல் மூலைக்கு நீள வேண்டும், கூடவே மணிக்கட்டும் கொஞ்சம் திரும்ப வேண்டும். கையில் இருப்பதிலேயே பலவீனமான விரலின் தலையில் நாளெல்லாம் செய்கிற வேலையைக் கட்டியிருக்கிறார்கள். கட்டைவிரலோ ஸ்பேஸ் பார் தட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் மேக் கட்சி. வேறு பலவற்றில் இல்லை.

இரண்டு ஊருக்கும் போய்வருகிற விரலுக்கு வேறொரு தொல்லை. பிசிக்கென்று வாங்கிய கீபோர்டை மேக்கில் செருகினால், விண்டோஸ் விசை கமாண்டாகவும் ஆல்ட் ஆப்ஷனாகவும் வேலை செய்யும். பெயர்ப் பொருத்தம் சரிதான். இடப் பொருத்தம்தான் கவிழ்ந்துபோகிறது, ஏனென்றால் ஸ்பேஸ் பாரை ஒட்டி இருப்பது இப்போது ஆப்ஷன். காப்பி எடுக்கப் போன கட்டைவிரல் சி-யோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரர்களின் வால் முளைத்த சி-யைத் திரையில் போட்டுவிட்டு வரும்.

இதற்கு ஆப்பிள் வைத்திருக்கும் மருந்து ஒரு சின்ன ஜன்னல். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள், ஷார்ட்கட்டுகளுக்கும் உள்ளே, மாடிஃபையர் கீஸ் என்று இருக்கும். ஆப்ஷன் என்ற இடத்தில் கமாண்ட், கமாண்ட் என்ற இடத்தில் ஆப்ஷன் என்று இரண்டு தேர்வு, முடிந்தது. எனக்குப் பிடித்தது அந்த ஜன்னலின் தலைப்பகுதியில் இருக்கும் ஒரு வரி: எந்தக் கீபோர்டு என்று அது கேட்கிறது. வெளியிலிருந்து செருகியதற்கு ஒரு விதி, லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டுக்கு வேறு விதி. கம்பியைப் பிடுங்கிவிட்டு மடியில் வைத்துத் தட்டினால் எல்லாம் பழையபடி இருக்கும். மறுநாள் மேசையில் செருகினால் மாற்றம் தானாகத் திரும்பி வரும். கீபோர்டை ஆள் அடையாளம் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிற இந்தப் பண்பு, வெளியே யாரும் விளம்பரப்படுத்தாத நல்ல வேலைப்பாடு.

ஏன் இவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிறது? கீபோர்டுக்குத் தன் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று தெரியாது, அதனால்தான். யூஎஸ்பி கீபோர்டு அடிப்படை முறையில் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியும் எட்டு பைட். அதில் முதல் பைட் முழுக்கத் துணை விசைகளுக்கே ஒதுக்கீடு. ஒரு பைட்டில் எட்டு பிட்; இடது கைக்கு நான்கு, வலது கைக்கு நான்கு என்று எட்டு விசைகள் கச்சிதமாக அடங்கிவிடும். அவற்றுக்கு வைத்த எண்கள் 224 முதல் 231 வரை. இடது கண்ட்ரோல் 224, இடது ஷிஃப்ட் 225, இடது ஆல்ட் 226. அடுத்த 227-க்கு அந்த யூஎஸ்பி ஆவணத்தில் கமாண்ட் என்றும் பெயரில்லை, விண்டோஸ் என்றும் பெயரில்லை. ஜியூஐ என்று ஒரு நடுநிலைப் பெயரைப் போட்டு நழுவியிருக்கிறார்கள். கொடி அச்சடித்த விசையும் ⌘ அச்சடித்த விசையும் கம்பிக்குள் நுழைந்ததும் ஒரே 227. பெயர் என்பது விசைமூடியின் மேல் இருக்கிற மை. அதற்குக் கீழே எண் மட்டும்தான்.

கேப்ஸ் லாக் இந்த எட்டுப் பேர் சபையில் இல்லை. அதன் எண் 57, சாய்கோட்டுக்கும் எஃப்1-க்கும் நடுவில், சாதாரண விசைகளின் வரிசையில். பூட்டு என்று பெயர் இருந்தாலும் பூட்டுவது கீபோர்டு கிடையாது. விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் அது சொல்லும். இனி பெரிய எழுத்து என்று நினைவில் வைப்பது கம்ப்யூட்டர், விளக்கை எரியச் சொல்லி கீபோர்டுக்கே திரும்பக் கட்டளை அனுப்புவதும் கம்ப்யூட்டர். அதனால்தான் கேப்ஸ் லாக்கை வேறு எதுவாக மாற்றினாலும் அது முனகாமல் ஒத்துக்கொள்கிறது.

பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் வம்சாவளி இன்னும் சுவையானது. கமாண்டின் ⌘ 1983-ல் வந்தது. அதற்கு முன், உருவாகிக்கொண்டிருந்த மேக்கின் மெனுவில் ஒவ்வொரு ஷார்ட்கட்டின் பக்கத்திலும் ஆப்பிள் படம் இருந்தது. மெனு முழுக்க ஆப்பிளாகக் காய்த்துத் தொங்குவதைப் பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை; எடுக்கச் சொல்லிவிட்டார். மேக்கின் சித்திரங்களை வரைந்த சூசன் கேர், சர்வதேசக் குறியீடுகளின் தொகுப்பு ஒன்றைப் புரட்டி, நான்கு மூலையிலும் வளையம் விட்ட இந்தச் சதுரத்தைக் கண்டெடுத்தார். ஸ்வீடனில் பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது என்று வழிப்போக்கர்களுக்குக் காட்டுகிற குறி அது. அடுத்த வருடம் வந்த முதல் மேக்கிண்டாஷின் கீபோர்டில் கண்ட்ரோல் விசையே கிடையாது, அம்புக்குறி விசைகளும் கிடையாது. கமாண்ட் மெனுவுக்காகப் பிறந்தது. மெனுவில் உள்ள ஒரு வேலையைக் கையைத் தூக்காமல் கூப்பிடுவதற்கான மணி, அவ்வளவே.

கண்ட்ரோலின் பிறப்பு வேறு. அது டெலிடைப் என்ற தொலைத் தட்டச்சு இயந்திரக் காலத்து ஆள், தொழிலில் கணக்குப்பிள்ளை. எழுத்துக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய எழுத்து ஏ 65, பி 66, சி 67 என்று போகும். கண்ட்ரோலை அழுத்தினால் அந்த எண்ணில் 64 கழியும். கண்ட்ரோல் ஏ என்றால் 1. கண்ட்ரோல் சி என்றால் 3. கண்ட்ரோல் ஜி 7; அந்த எண் போய்ச் சேர்ந்தால் எதிர்முனை இயந்திரத்தில் மணி அடிக்கும், டெலிடைப் 33 கீபோர்டில் ஜி விசையின் மேலேயே பெல் என்று அச்சிட்டிருந்தார்கள். கண்ட்ரோல் ஐ 9, அதுதான் டேப். கண்ட்ரோல் எம் 13, அதுதான் என்டர். சதுர அடைப்பின் திறப்புக் குறி 91. அதில் 64 போனால் 27, அதுதான் எஸ்கேப். இன்றைக்கும் டெர்மினலைத் திறந்து கண்ட்ரோலும் எம்-மும் தட்டிப் பாருங்கள், கட்டளை ஓடும். யாரும் அங்கே ஷார்ட்கட் அமைத்து வைக்கவில்லை. வெறும் கழித்தல்.

இந்த இரண்டு வம்சமும் மோதாமல் ஒரே கீபோர்டில் வாழ்வதுதான் மேக்கின் அழகு. டெர்மினலில் கண்ட்ரோல் சி ஓடுகிற நிரலை நிறுத்தும். கமாண்ட் சி உரையைக் காப்பி எடுக்கும். இரண்டுக்கும் சண்டையே இல்லை. விண்டோஸும் லினக்ஸ் டெஸ்க்டாப்களும் இரண்டு வேலையையும் கண்ட்ரோல் தலையிலேயே சுமத்தியதால், லினக்ஸ் டெர்மினலில் காப்பி எடுக்க ஷிஃப்டையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூடுதலாக ஒரு ரசம்: மேக்கில் கண்ட்ரோல் மெனுவிலிருந்து விடுபட்டுச் சும்மா இருப்பதால், பெரும்பாலான உரைப் பெட்டிகளில் கண்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்கும் கண்ட்ரோல் ஈ வரியின் கடைசிக்கும் கொண்டுபோகும், கண்ட்ரோல் கே மீதி வரியை அழிக்கும். ஈமாக்ஸ் எடிட்டரின் பழக்கம், நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் வழியாக வந்து சேர்ந்தது. மேக் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் இது இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் மவுஸைத் தேடுகிறார்கள்.

காப்பி, பேஸ்ட் விசைகளின் தேர்வையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தகும். இசட், எக்ஸ், சி, வி நான்கும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலும் பிறகு ஆப்பிளிலும் இருந்த லாரி டெஸ்லர் குழுவின் கைவண்ணம். எக்ஸ் அடித்துப் போடுகிற குறி, அதனால் வெட்டு, சி காப்பிக்கு, வி கூர்முனை கீழே பார்த்து ‘இங்கே செருகு’ என்று சொல்கிற வடிவம். விண்டோஸ் உலகில் அதே காலத்தில் ஐபிஎம் பழக்கம் இருந்தது: காப்பிக்கு கண்ட்ரோலும் இன்சர்ட்டும், பேஸ்ட்டுக்கு ஷிஃப்டும் இன்சர்ட்டும். அவை இன்னும் சாகவில்லை. விண்டோஸில் பல இடங்களில் இப்போதும் வேலை செய்யும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்த நான்கு வீடுகளிலும் வேறு குடித்தனம் உண்டு. தமிழ்99-ல் அந்த இடங்களில் இருப்பவை ஔ, ஓ, ஒ, வ. மேக்கில் தமிழ்99-ஐ இயக்கிவிட்டு கமாண்டை அழுத்திக்கொண்டு ‘ஒ’ தட்டினால் காப்பி எடுக்கிறது, ‘வ’ தட்டினால் ஒட்டுகிறது. கமாண்டை அழுத்தியிருக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் கீபோர்டு ஆங்கிலமாகி, விரலை எடுத்ததும் தமிழாகிவிடுகிறது. ட்வோராக் அடுக்குக்காரர்களுக்கு இதே உபகாரம் செய்ய ‘ட்வோராக் – குவெர்ட்டி ⌘’ என்று தனியாக ஒரு தேர்வே மேக்கில் இருக்கிறது. எழுத்துகள் புது வீட்டில், ஷார்ட்கட்டுகள் பழைய வீட்டில். விரலின் பழக்கம் எழுத்தோடு ஒட்டியிருக்கிறதா இடத்தோடு ஒட்டியிருக்கிறதா என்ற கேள்வியை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இடத்தோடுதான் என்று தீர்ப்பும் எழுதியிருக்கிறார். என் கட்சியும் அதுதான். துணை விசைகளை மாற்றும்போது மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே கூடாது. கட்டைவிரல் எங்கே இறங்குகிறதோ அங்கே காப்பி எடுக்கிற விசை இருக்க வேண்டும், அதன் பெயர் எதுவாக இருந்தாலும்.

விண்டோஸில் இதைச் செய்வதற்கு இருக்கிற பழைய வழி, ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்கேன்கோடு மேப்’ என்ற பெயரில் ஒரு மதிப்பை எழுதுவது. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக்க மொத்தம் இருபது பைட். முதல் எட்டும் பூஜ்யம். அடுத்த நான்கில் எத்தனை மாற்றங்கள் என்ற எண்ணிக்கை. செய்வது ஒரே மாற்றம்தான், ஆனால் எழுத வேண்டியது 2, ஏனென்றால் கடைசியில் வரும் வெற்றுப் பதிவும் கணக்கில் சேர்த்தி. பிறகு 29, 58 என்ற சோடி. 58 கேப்ஸ் லாக்கின் எண், 29 கண்ட்ரோலின் எண். முதலில் எழுதுவது ஆக வேண்டியது, பின்னால் எழுதுவது இருப்பது. எல்லாருக்கும் முதல் தடவை தலைகீழாகத்தான் தோன்றும். முறை கரடுமுரடு: கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும், செருகியிருக்கும் எல்லாக் கீபோர்டுக்கும் ஒரே சட்டம், லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டும் தப்ப முடியாது. ஆனால் ஒன்று. இது அடித்தளத்திலேயே நடப்பதால் கடவுச்சொல் கேட்கும் திரையிலும் வேலை செய்யும். பவர்டாய்ஸ் போன்ற நவீனக் கருவிகளில் படம் பார்த்து மாற்றலாம், உடனே பலிக்கும். ஆனால் அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான்.

லினக்ஸ்காரர்களின் தேர்வுப் பட்டியலோ தனி இலக்கியம். ‘கண்ட்ரோல்:நோகேப்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால் கேப்ஸ் லாக் இன்னொரு கண்ட்ரோலாகிவிடும். ‘கண்ட்ரோல்:ஸ்வாப்கேப்ஸ்’ என்றால் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். ஆல்ட்டையும் விண்டோஸ் விசையையும் மாற்ற ஒன்று. இடது கைப்பக்கம் மட்டும் மாற்ற வேறொன்று. டெபியன் வகையறாவில் இந்த வரியை ஒரே கோப்பில் எழுதிவைத்தால், படமில்லாத கறுப்புத் திரைக்கும் அதுவே செல்லும். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் கேப்ஸ் லாக் ஆகும் என்கிற தேர்வு. கேப்ஸ் லாக்கின் வீட்டைக் கண்ட்ரோலுக்குக் கொடுத்துவிட்டோமே, என்றாவது ஒருநாள் முழுப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டி வந்தால் என்ன செய்வது என்று, வெளியேற்றப்பட்டவனுக்கும் ஒரு திண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்த வீடும் ஒருகாலத்தில் கண்ட்ரோலுடையதுதான். டெலிடைப்பிலும், பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்திலும், 1981-ன் ஐபிஎம் பிசியிலும் ஏ-யின் இடது பக்கம் இருந்தது கண்ட்ரோல். ஐபிஎம் பிசியில் கேப்ஸ் லாக் ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. 1980களின் நடுவில் ஐபிஎம் 101 விசைக் கீபோர்டைக் கொண்டுவந்தபோது கேப்ஸ் லாக் ஏ-யின் பக்கத்துக்கு ஏறியது, கண்ட்ரோல் மூலைக்கு இறங்கியது, உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. ஜப்பானில் 1996-ல் வந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு இதை ஏற்கவில்லை. அறுபதே விசைகள், கேப்ஸ் லாக்குக்குத் தனி விசை இல்லை, கண்ட்ரோல் பழைய இடத்தில்.

ஏடிஎம்-3ஏ-யில் எஸ்கேப் இருந்ததும் கைக்கெட்டுகிற தூரத்தில்தான், இப்போது டேப் இருக்கிற இடத்தில். விஐ எடிட்டரில் வரிக்கு வரி எஸ்கேப் தட்ட வேண்டியிருப்பதன் காரணம் அப்போது புரியும். இப்போதைய கீபோர்டில் அது வடமேற்கு மூலைக்குப் போய்விட்டதால், கேப்ஸ் லாக்குக்கு இரட்டை வேடம் கொடுக்கிறவர்கள் உண்டு: அழுத்திப் பிடித்தால் கண்ட்ரோல், தட்டிவிட்டால் எஸ்கேப். எது தட்டல், எது பிடித்தல்? கீபோர்டுக்குள்ளேயே ஓடுகிற கியூஎம்கே என்ற மென்பொருள் 200 மில்லி விநாடி என்று எல்லை வகுத்திருக்கிறது. அந்த எண்ணை விரலுக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம். 180 சரியா, 170 சரியா என்று மாலை முழுவதும் உட்கார்ந்து சுருதி சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கச்சேரி தொடங்கவில்லையே என்று கேட்கக்கூடாது.

விசையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் இல்லை. பிசியில் இடது ஆல்ட்டையும் இடது கண்ட்ரோலையும் மாற்றினால் கட்டைவிரலுக்குக் காப்பி வந்துவிடும். ஆனால் ஜன்னல் மாற்ற ஆல்ட்டும் டேப்பும் வேண்டுமே? ஆல்ட் இப்போது மூலையில். மேக்கில் கமாண்ட் சி-யும் கமாண்ட் டேப்பும் ஒரே கட்டைவிரலின் வேலை. விண்டோஸில் அவை இரண்டு விசைகளின் வேலை. அம்புக்குறியில் இன்னும் நுட்பமான பிசகு. மேக்கில் கட்டைவிரலும் வலது அம்பும் வரியின் கடைசிக்குத் தாவும். மாற்றியமைத்த பிசியில் அதே அசைவு ஒரே ஒரு சொல் நகரும். சொல் தாண்டுவது மேக்கில் ஆப்ஷனின் பொறுப்பு, வரி தாண்டுவது பிசியில் ஹோம், எண்ட் விசைகளின் பொறுப்பு. இதையெல்லாம் சமன் செய்ய கின்டோ போன்ற கருவிகள் முன்னால் இருக்கும் ஜன்னல் டெர்மினலா பிரவுசரா என்று பார்த்து, இடத்துக்குத் தக்கபடி விசையை மொழிபெயர்க்கின்றன. உழைப்பைப் பாராட்டுகிறேன். எனக்கு அந்த அளவு வேண்டாம். இரண்டு விசையை மாற்றிவிட்டு மீதியை விரல் கற்றுக்கொள்ளட்டும் என்று விடுவதே போதும்.

விண்டோஸ் விசையை ஆராய்ந்தால் ஒரு குணம் தெரியும். கூடவே வேறெதையும் அழுத்தாமல் விரலை எடுத்தால் ஸ்டார்ட் மெனு திறக்கும். நடுவில் ஏதாவது ஒரு விசை விழுந்திருந்தால் திறக்காது. அதாவது அழுத்தும்போது முடிவெடுக்காமல், விடும்போது முடிவெடுக்கிற விசை. ஆட்டோஹாட்கீ மூலம் அதற்கு வேறு வேலை கொடுக்கும்போது, மெனு குதித்து வராமல் இருக்க அந்தக் கருவி ஒரு சின்னத் தந்திரம் செய்கிறது: யாருக்கும் தீங்கில்லாத ஒரு விசையை நடுவில் தட்டியதுபோல் பாவனை காட்டிவிடும். விண்டோஸும் நம்பிவிடும்.

துணை விசைகளின் வரிசைக்குக் கடைசியாக வந்திருப்பது 2024-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் விசை. பல லேப்டாப்களில் வலது கண்ட்ரோலின் இடத்தில் அதை உட்கார வைத்திருக்கிறார்கள். வலது கையால் கண்ட்ரோல் பிடிக்கிறவர்கள் உடனே அதைப் பழையபடி மாற்றப் போய், உள்ளே இருப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். அதற்கென்று சொந்த எண் எதுவும் இல்லை. ஒரு தட்டுக்கு அது அனுப்புவது மூன்று விசைகள்: இடது விண்டோஸ், இடது ஷிஃப்ட், எஃப்23. எஃப்12-ஓடு முடிந்துவிடுகிற கீபோர்டில் எஃப்23 எங்கிருந்து வந்தது? ஐபிஎம்மின் பெரிய கணினிகளோடு பேசிய முனையங்களில் 122 விசைக் கீபோர்டுகள் இருந்தன. தலைமாட்டில் எஃப் விசைகள் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு. அவற்றின் எண்கள் மட்டும் அட்டவணையில் தங்கிவிட்டன. செயற்கை நுண்ணறிவைக் கூப்பிட வந்த புத்தம்புது விசை அவற்றில் கடைசிக்கு முந்தையதை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்24 இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றி, அதற்கு மேல் தங்கள் சொந்த ஷார்ட்கட்டுகளைக் கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.